கப்பலில் யாருக்கு எந்தப் பந்தி?

இன்று குற்றாலம் பங்களாவில், மனைவியோடு லண்டனுக்கு மகனைப் பார்க்கப் போகும் பண்ணையார் அண்ணாச்சிக்காகக் கப்பல் கம்பெனிக்கு ஆங்கிலத்தில் பதில் எழுத உட்கார்ந்தேன்.

"உயர்ந்த வகுப்பு அறைக்காரர்களுக்குச் சாப்பாடு முதல் பந்தியா, இரண்டாம் பந்தியா என்று கேட்கிறார்கள்" என்றேன்.

"இதென்னட்டி கேள்வி? எனக்கு முதல் பந்தி, அவளுக்கு ரெண்டாவது."

கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஆறின சோறுதான் திங்கேன். கப்பல்லயாவது சூடாத் திங்கணும். எனக்கும் முதல் பந்தி எழுதுட்டி."

"அப்ப எனக்கு யாரு பரிமாறுவா?"

"வெள்ளைக்காரன் பரிமாறுவான்."

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி, என்னைய ரெண்டாம் பந்தியில போடு. புருசனும் பொண்டாட்டியும் சேந்து உக்காந்தா ஊர் சிரிக்கும்லா."

அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நடுக்கடலில் எந்த ஊர் சிரிக்கும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தோழிகளே, நீங்கள் கேட்டிருப்பீர்களா?