முதல் சாயா

சாச்சி வீட்டில் குப்பைத் தொட்டி என்று ஒன்று கிடையாது. போடுவதற்கு ஏதாவது மிஞ்சினால்தானே தொட்டி வேண்டும்!

தாராவியில் சாச்சாவின் தோல் பட்டறைக்கு மேலே, மரப்படி ஏறினால் வரும் ஒற்றை அறைதான் வீடு. உம்மா பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். வாப்பாவுக்கு அணுசக்தி நகரில் ஷிப்டு வேலை. என் பள்ளிக்கூடம் சயானில் இருந்ததால், செம்பூரிலிருந்த என்னை அந்த மழைக்காலம் முழுக்க உம்மாவின் தங்கையான இந்தச் சாச்சியிடம் விட்டுவைத்தார்கள். அப்போது நான் மூன்றாம் வகுப்பு.

போன முதல் நாளே அசந்துபோனேன். எங்கள் வீட்டில் தீக்குச்சியைக் கிழிப்போம், பற்றவைப்போம், எறிவோம். இங்கே கரிந்த குச்சிகளுக்கென்று தனிப் பெட்டி. ஒரு ஸ்டவ் எரிகிறதென்றால், அதில் பழைய குச்சியை நீட்டித்தான் அடுத்த ஸ்டவ்வைப் பற்றவைக்க வேண்டும். பால் பையைக் காலி செய்ததும் அலசி, ஈரத்தோடு சமையல் சுவரில் அறைந்துவிடுவாள் சாச்சி. காய்ந்ததும் அது தானாகக் கழன்று விழும். விழுந்தால் ரெடி என்று அர்த்தம். முதலில் என் நோட்டுக்கு மழைச்சட்டை, கிழிந்த பிறகு ரத்திக்காரரிடம் பழைய பேப்பரோடு எடைக்கு. அரிசி களைந்த தண்ணீரில் மீன் அலசுவாள். புளிச்சக்கையில் பித்தளை பளபளக்கும். மழையில் ஊதிப்போய்த் திறக்காமல் முரண்டு பிடிக்கும் கதவின் விளிம்பில், பிரெட் சுற்றிவந்த மெழுகுத்தாளை நாலு இழுப்பு இழுப்பாள். கதவு வழுக்கிக்கொண்டு திறக்கும். நான் பள்ளிக்கூடம் போய் இதையெல்லாம் ஒன்றுவிடாமல் பீற்றிக்கொள்வேன். ஒருத்தியும் நம்ப மாட்டாள்.

சாச்சா மட்டும் கிண்டல் செய்வார். "நான் மௌத்தானா இவ என் தோலையும் விடமாட்டா. உரிச்சு பர்ஸு தச்சிருவா."

"ஆமா, உங்க தோலு எதுக்கு ஆவும்? பூராவும் சுருக்கந்தான். எந்த பார்ட்டி வாங்குவான்?" என்பாள் சாச்சி, கையிலிருக்கும் வேலையை விடாமலே.

ஆனால் அவள் சாமர்த்தியத்தின் உச்சம் சாயாதான்.

பட்டறைக்குச் சரக்குப் பார்க்க வரும் பார்ட்டிகளுக்கு முதல் சாயா. புதுத் தூள், கெட்டிப் பால், தட்டிப் போட்ட ஏலக்காய் விதை, பூப்போட்ட பீங்கான் கப். கீழேயிருந்து, "ஏக்தம் கடக், பாபி!" என்று சாயாவை மெச்சிக் குரல் வந்தால் சாச்சி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே வடிகட்டியைச் சட்டியில் 'டக்'கென்று தட்டி, அதே தூளில் இரண்டாவது தண்ணீர் ஊற்றுவாள். பால் பை அலசிய தண்ணீர், விதை எடுத்த ஏலக்காயின் தொலி, சீவிய இஞ்சியின் தோல், ஒரு துண்டு கருப்பட்டி. அது எங்களுக்கு, எவர்சில்வர் டம்ளரில். அப்புறமும் அந்தத் தூளுக்கு விடுதலை கிடையாது. காயவைத்துத் துணியில் முடிந்து பட்டறையின் புதுப் பைகளுக்குள் போடுவாள், தோல் வாடை போக.

எல்லாவற்றையும் வாய்பிளந்து ரசித்த எனக்கு, இந்த ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. கண்ட கண்ட சேட்டுக்கெல்லாம் பீங்கான் கப்பில் முதல் சாயா. சொந்த அக்கா மகளுக்கு இரண்டாம் சாயாவா? நான் என்ன அவ்வளவு மட்டமா?

ஒருநாள் கேட்டேவிட்டேன். "எனக்கு எப்ப சாச்சி மொதச் சாயா தருவீங்க?"

"அது வெளியாளுக்கு உள்ளதுட்டி. நீ வெளியாளா?"

"இல்ல..."

"பெறவென்ன? ஆறிப்போவுது, குடி."

சாச்சியின் பையன்கள் இரண்டு பேருக்கும் குஷி தாங்கவில்லை. "பெரிய சேட்டம்மா வந்துட்டா! ஒரு செருப்பு வாரு வாங்க வக்கில்ல, கப்பு கேக்கா!" என்றான் மூத்தவன்.

நான் விடவில்லை. மழை கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாச்சாவின் தொப்பியை மாட்டிக்கொண்டு, சந்துக்குள் சுற்றிப் போய்ப் பட்டறை வாசல் வழியாக உள்ளே வந்து, பார்ட்டிகள் உட்காரும் ஸ்டூலில் கால்மேல் கால் போட்டு அமர்ந்தேன். "பச்சாஸ் பர்ஸ் சாஹியே! பாபி, சாய் லாவ்!" என்று சேட்டுக் குரலில் ஐம்பது பர்ஸுக்கும் ஒரு சாயாவுக்கும் ஆர்டர் கொடுத்தேன்.

சாச்சா உடனே எழுந்து வந்தார். நாலு பர்ஸை எடுத்து என் முன்னால் விரித்து, "மால் பாருங்க சேட், கிழிஞ்சா பணம் வாபஸ்" என்றார். மரப்படியில் சாச்சி இறங்கி வந்தாள். கையில், அல்லாவே, பூப்போட்ட கப்!

ஒரு வாய் உறிஞ்சினேன். இஞ்சித்தோல்.

"கப்பு கேட்ட, தந்துட்டேன். சாயா நம்ம சாயாதான்" என்றாள். பட்டறையே சிரித்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஈரக் கையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி வாங்கிக்கொண்டு படியேறிப் போனாள்.

மழை ஓய்ந்து கொஞ்ச நாளில் உம்மா ஊரிலிருந்து வந்துவிட்டாள். ஒரு சாயங்காலம் வாப்பாவும் உம்மாவும் தம்பிப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு என்னைக் கூட்டிப்போக வந்தார்கள். சாச்சி அன்று காலையிலிருந்தே என் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நோட்டுகளுக்கெல்லாம் புதுசாகப் பால் பை உறை. எனக்குப் பாப்பாவைப் பார்த்த சந்தோஷத்தில் வேறெதுவும் கண்ணில் படவில்லை.

சாயா வந்தது. வாப்பாவுக்கு ஒரு கப், உம்மாவுக்கு ஒரு கப். பிறகு சாச்சி மூன்றாவதாக ஒரு பூப்போட்ட கப்பை எடுத்து, அதில் சாயாவை ஊற்றி, என் கையில் கொடுத்தாள்.

முகர்ந்து பார்த்தேன். ஏலக்காய் வாசம். இஞ்சித்தோல் இல்லை. சத்தியமாக முதல் சாயா!

டம்ளரோடு நின்ற பையன்களைப் பார்த்துக் கப்பைத் தூக்கிக் காட்டினேன். மூத்தவன் பழையபடி கிண்டலடிப்பான் என்று பார்த்தேன். அவனோ தன் டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளதைச் சொன்னால் அந்தச் சாயா எனக்குப் பிடிக்கவில்லை. கசந்தது. தொண்டையைப் பிடித்தது. ஆனாலும் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "ஏக்தம் கடக், சாச்சி!" என்று கத்தினேன்.

எப்போதும் அந்த வார்த்தைக்கு வாயைப் பொத்திச் சிரிப்பவள் அன்று சிரிக்கவில்லை. வடிகட்டியைச் சட்டியில் தட்டவும் இல்லை. தூளோடு அதைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். தூள் வீணாகப் போகுதே, இவளுக்கு என்ன ஆச்சு என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினேன்.

செம்பூர் பஸ்ஸில் உம்மாவிடம் முதல் வேலையாக அதைத்தான் சொன்னேன். எத்தனை தடவை கேட்டேன், 'அது வெளியாளுக்கு' என்று எப்படியெல்லாம் மறுத்தாள், கடைசியில் எப்படி ஜெயித்தேன் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். "அந்தப் பையன்களுக்குக்கூடக் கிடையாது உம்மா. எனக்கு மட்டும்தான்!"

 உம்மா ஒரு கையில் பாப்பாவைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என்னைத் தன் பக்கம் இழுத்து இறுக்கிக்கொண்டாள். பஸ் காலியாகத்தானே கிடக்கிறது, எதற்கு இப்படி நெருக்குகிறாள் என்று நான் நெளிந்தேன்.