கீழ் மூலையில் நின்ற இருவர்

அந்த ஆளை அன்றைக்கு நான் நாலு அறை விடாமல் வந்ததே பெரிய விஷயம்.

தி. நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது அந்த டிஜிட்டல் பிரிண்ட் கடை. எங்கள் குடும்பத்தில் பூணூல், கல்யாணம், சஷ்டியப்தபூர்த்தி எதுவானாலும் ஆல்பம் அங்கேதான். என் நாத்தனாருக்கு வேறு கடையே ஆகாது. நானும் பழக்க தோஷத்தில் என் படங்களை அங்கேயே கொடுத்துத் தொலைத்தேன்.

என் படங்கள் என்றால் நான் எடுத்தவை அல்ல. நான் ஓவியக் கல்லூரியில் கலை வரலாறு நடத்துகிறவள். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டை ஸ்பெயின்காரர்கள் பிடித்து ஆண்ட காலத்தில் அங்கே வரைந்த படங்கள் மேல் எனக்குப் பல வருஷத்துப் பைத்தியம். மியூசியங்கள் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டவற்றைச் சேர்த்து வைத்திருந்தேன். மயிலாப்பூரில் தெரிந்தவர் ஒருவர் தன் மாடி ஹாலை வார இறுதிக்குத் தருகிறேன் என்றார். சரி, பெரிதாக அச்சடித்து மாட்டி, வருகிறவர்களுக்குத் தமிழில் சொல்லலாம் என்று கிளம்பினேன்.

என்ன சொல்ல நினைத்தேன் என்றால் இதைத்தான். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த கறுப்பு வெள்ளை அச்சுப் படங்களை அந்த ஊர் ஓவியர்கள் கையில் கொடுத்து, இதைப் பார்த்து மாதாவை வரை, தேவதூதனை வரை என்றார்கள் பாதிரிமார்கள். வரைந்தார்கள். ஆனால் அச்சில் நிறம் கிடையாதே! நிறம் இவர்களுடையது. தேவதூதனுக்கு லேஸ் வைத்த சட்டை மாட்டி, கையில் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். இயேசுவின் கடைசி விருந்தில், தங்கள் வீட்டில் விசேஷத்துக்குச் சமைக்கிற, எலி மாதிரி இருக்கும் கினிப்பன்றியைத் தட்டில் வைத்தார்கள். பெரிய மாதா படத்தின் கீழ் மூலையில், அந்தப் படத்துக்குப் பணம் கொடுத்த ஊர்க்காரக் கணவனும் மனைவியும் கைகூப்பி நிற்பார்கள். மேலே மாதா வெள்ளை. கீழே இவர்கள் நல்ல கறுப்பு, வெயில் பட்ட முகம். யாருக்கும் பயப்படாத முகம்.

கையெழுத்துச் சுவடிகள் இன்னொரு ரகம். அவற்றில் எழுத்தும் படமும் ஒரே தாளில் கலந்து கிடக்கும். தறியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், அவளை அதட்டிக்கொண்டு பின்னால் நிற்கும் பாதிரியார், இருவரையும் சுற்றி மையால் எழுதிய வரிகள். அது வெறும் படம் இல்லை, புகார். படிக்கத் தெரியாதவனுக்கும் புரியட்டும் என்று படமாகவும் போட்ட புகார்.

வெள்ளிக்கிழமை காலை பிரிண்ட்களை வாங்கப் போனேன். அந்தக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் நாற்பது வயதுக்காரர், எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் எங்களை எல்லாம் அழகாக்கி அழகாக்கிக் கை பழகியவர். சுருளைப் பிரித்து மேஜையில் விரித்தார்.

தறிப் பெண் ரோஜாப்பூ நிறத்தில் இருந்தாள்! அவளைச் சுற்றியிருந்த எழுத்தே காணோம். துடைத்து வைத்த ஸ்லேட்டு மாதிரி பளிச்சென்று வெற்றுத் தாள். மாதா படத்தில் கீழ் மூலையே இல்லை. பூப்போட்ட பார்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று கத்தினேன்.

"இன்னா மேடம், காலைலயே சூடா கீறீங்க? மூஞ்சிலாம் டல்லடிச்சிது, ஒரு ரவுண்டு தூக்கி வுட்டேன். பின்னால ஏதோ கிறுக்கலா கீது, பழைய பேப்பர் கறைன்னு கிளீன் பண்ணேன். எக்ஸ்ட்ரா துட்டுகூட கேக்கல."

"கீழே ரெண்டு பேர் நின்னாங்களே, அவங்க எங்கே?"

"அவங்களா? கறுப்பா ஓரமா நின்னுகினு இருந்தாங்க, ஃபிரேமுல இடிச்சிது. யாரோ வேலக்காரங்கன்னு கட் பண்ட்டேன்."

வேலைக்காரங்க! படத்துக்குக் காசு கொடுத்தவர்களை! "அவங்கதான்யா அந்தப் படத்துக்கே முதலாளி!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஸ்பெயின்காரன் முந்நூறு வருஷம் ஆண்டும் அந்த மூலையிலிருந்து கிளப்ப முடியாத இரண்டு பேரை, பாண்டி பஜாரில் ஒரு மௌஸை ஆட்டிக் கிளப்பிவிட்டார் இந்த மனுஷன். அவருக்கு நான் ஏன் கத்துகிறேன் என்றே விளங்கவில்லை. "எல்லாருக்கும் பண்றது தான மேடம், யாரும் வோணாம்னு சொன்னதில்லியே" என்றார், நிஜமாகவே வருத்தப்பட்டு.

எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி திரும்ப அடிக்கணும் என்றேன். அவர் என் கோப்பைத் திறக்கத் திரும்பினார். அப்போதுதான் திரையில் ஏற்கெனவே திறந்திருந்த படத்தைப் பார்த்தேன்.

என் மகள்.

பச்சைப் புடவை என் மகளுடையது. பின்னால் தெரிந்த தண்ணீர் டேங்க் எங்கள் மொட்டை மாடியுடையது. முகம் மட்டும் அவளுடையது இல்லை. மாவில் பிசைந்தது மாதிரி வெளுத்திருந்தது. கழுத்துக்கும் முகத்துக்கும் சம்பந்தமே இல்லை.

"இது பெரிய மேடம் குடுத்தாங்க. மாப்ள வூட்டுக்குன்னு சொன்னாங்க. அவங்களுக்கு வாட்ஸ்அப்புல நேத்தே அனுப்ட்டேன், இது பிரிண்டுக்கு" என்றார். பெரிய மேடம் என்றால் என் நாத்தனார்.

அதற்கப்புறம் நான் கத்தவில்லை. அந்தப் பிரிண்ட் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

என் மகள் கறுப்பு. மாநிறம், புதுநிறம் என்றெல்லாம் சொந்தக்காரர்கள் பூசி மெழுகுவார்கள். கறுப்பு, அவ்வளவுதான், என்னைப்போல. அவள் பள்ளியில் படிக்கும்போது நாத்தனார் பிள்ளைக்குக் கல்யாணம் நடந்தது. ஆல்பம் வந்ததும் ஆசையாகப் புரட்டியவள் ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "அம்மா, இது யாரு?" என்றாள். அவளேதான் அது. அன்றிலிருந்து எங்கே கேமராவைத் தூக்கினாலும் தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். எங்கள் வீட்டு விசேஷங்களைப் பார்த்தால் எனக்கு ஒரு பெண்ணே கிடையாது என்று நினைப்பீர்கள். வரன் வீட்டுக்கு அனுப்ப எடுத்த இந்தப் படத்துக்குத்தான் எத்தனையோ வருஷம் கழித்துச் சம்மதித்தாள். புடவையை அவளே எடுத்துக் கட்டிக்கொண்டாள். சிரித்தாள்கூட! அதைப் போய்...

மயிலாப்பூரில் நாத்தனார் வீடு எங்கள் தெருவிலேயே. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டேன்.

"இதுக்கா இப்படி மூச்சிரைக்க ஓடி வரே?" என்றாள் அவள். "அவா ஆத்துல எல்லாரும் நல்ல கலர். முதல் பார்வையிலேயே வேண்டாம்னுட்டா என்ன பண்றது? உள்ளே நுழையறதுக்கு ஒரு வழி, அவ்வளவுதான். நேர்ல பார்த்தா குணத்தைப் பார்ப்பா."

"அக்கா, என் பொண்ணைக் கேட்டேளா?"

"அவளுக்கு நல்லதுக்குத்தானே பண்ணிண்டிருக்கேன்!"

நல்லதுக்கு. இந்த ஒரு வார்த்தையைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த மலைநாட்டு ஜனங்களைப் பிடித்து ஞானஸ்நானம் செய்தவர்களும் நல்லதுக்கு என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதை நாத்தனாரிடம் சொன்னால் நான் பித்துப் பிடித்தவள் ஆகிவிடுவேன். திரும்பிவிட்டேன்.

சாயங்காலம் பெருங்குடி ஆபீஸிலிருந்து மகள் வந்தாள். மறைக்க மனசில்லை. சொல்லிவிட்டேன். அவள் குதிப்பாள் என்று நினைத்தேன். கைப்பையைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "நான் சிரிச்சதையாவது விட்டு வெச்சிருக்காளா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "இனிமே என்னை யாரும் எடுக்க வேண்டாம்மா. நீயும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுபடி தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள் என்று எனக்குப் புரிந்தது. இந்தத் தடவை திரும்பி வரமாட்டாளோ என்று பயம் பிடித்துக்கொண்டது.

சனிக்கிழமை ஹாலில் புது பிரிண்ட்களை மாட்டினேன். பாவம், ஆபரேட்டர் ராத்திரி உட்கார்ந்து ஒழுங்காகவே அடித்துக் கொடுத்திருந்தார். எழுத்து வந்துவிட்டது. மூலைக்காரர்களும் வந்துவிட்டார்கள். நாலைந்து மாணவர்கள், இரண்டு மாமாக்கள், காற்று வாங்க வந்தவர்கள் சிலர். என் நாத்தனாரும் வந்தாள். சண்டை போட்ட மறுநாளே ஒன்றும் நடக்காத மாதிரி வந்து நிற்க அவளால்தான் முடியும். துப்பாக்கி பிடித்த தேவதூதனைப் பார்த்து, "ஐயோ, இது என்ன கண்றாவி!" என்றாள்.

மகள் வரமாட்டாள் என்றே இருந்தேன். வந்தாள். நேரே மாதா படத்தின் முன் போய் நின்றாள். குனிந்து கீழ் மூலையைப் பார்த்தாள்.

"இவாளையா கட் பண்ணினான்?"

"வேலைக்காரான்னு நெனச்சானாம். காசு கொடுத்ததே இவாதான்."

"அப்ப உபயதாரர்! கோவில் டியூப்லைட்ல பேரை எழுதி வெச்சுப்பாளே, அது மாதிரி." சிரித்தாள். "அதுல பேரை எழுதியே பாதி வெளிச்சம் போயிடும். இவா பரவால்ல, மூஞ்சியையே போட்டுண்டுட்டா."

பிறகு தன் போனை என்னிடம் நீட்டினாள். "எடு."

அவள் அந்த இருவருக்குப் பக்கத்தில், தரையோடு தரையாகக் குந்தி உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தாள். மூன்று முகமும் ஒரே நிறம். எடுத்தேன். அதை வாங்கிப் பார்த்தாள். அத்தையிடம் போய், "அந்த மாமி நம்பர் கொடு" என்றாள். நாத்தனார் விஷயம் புரியாமல் கொடுத்தாள். நாங்கள் சுதாரிப்பதற்குள் படம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. கீழே, "மாமி, முன்னாடி வந்தது நான் இல்லை. இதுதான் நான்" என்று ஒரு வரி.

"குடியைக் கெடுத்தியேடி!" என்று நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பத்து நிமிஷத்தில் அவள் போன் அடித்தது. மாப்பிள்ளையின் அம்மா. பெண்ணிடமே பேசவேண்டுமாம். நாத்தனார் ஸ்பீக்கரில் போட்டு மகளிடம் நீட்டினாள், ஏதோ நல்லது நடக்கப்போகிற முகத்தோடு.

"படம் பார்த்தேன்மா. தைரியமா அனுப்பினே, ரொம்பப் பிடிச்சுது. எங்களுக்குக் கலரெல்லாம் ஒரு பொருட்டே இல்லை" என்றது குரல், தேனாக. நாத்தனார் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள், பார்த்தாயா என்று. எனக்கே ஒரு கணம் மனசு இளகிவிட்டது. குரல் தொடர்ந்தது: "கல்யாணத்துக்கு மட்டும் ஆல்பம் பண்றவாகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சுடலாம். இப்பல்லாம் ஒண்ணுமே தெரியாம அழகாப் பண்ணிடறா. முதல்ல வந்த படம் எவ்வளவு நன்னா இருந்தது!"

ஹாலில் எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். என் மகள் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"அப்ப அந்த ஆல்பத்துக்கே தாலி கட்டச் சொல்லுங்கோ மாமி, உங்க பையனை."