கம்பெனிச் சாம்பல்

என் வீட்டுக்காரருக்குக் கம்பெனியிலிருந்து வருவதெல்லாம் உசத்தி. கிழிந்த கையுறை, ஓட்டை டிரம், அட்டைப்பெட்டி, எதையும் விடமாட்டார். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஃபிட்டராக இருக்கிறவருக்குக் கோழி அடைப்பெல்லாம் ஒரு வேலையா என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். கோழிகள் என்னுடையவை. அது மட்டும் அவருக்கு ஞாபகம் இருக்காது.

எங்கள் வீடு கவரைப்பேட்டையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. முன்பு நெல் விளைந்த நிலம் என்பதால் ஐப்பசி பிறந்தால் தண்ணீர் உரிமையோடு வந்து நின்றுகொள்ளும். பின்பக்கம் கம்பிவலை அடித்த அடைப்பு, அதற்குள் கோழிகள். போன மழைக்கு முன்னால் கூரை போடுகிறேன் என்று கிளம்பினார். யார் வீட்டுக் காதுகுத்து பேனரையோ கொண்டுவந்து, சரிவே இல்லாமல் நாலு மூலையையும் இழுத்துக் கட்டினார். மழை பெய்தது. பேனருக்கு நடுவில் தொந்தி விழுந்தது. குச்சியால் தண்ணீரைத் தள்ளப் போனவர் தலையிலேயே மொத்தமும் கொட்டியது. நான் சிரித்த சிரிப்பு பக்கத்துத் தெருவுக்குக் கேட்டிருக்கும். அப்புறம் மேஸ்திரி ஒருவர் வந்து தகரம் போட்டு, சரிவு வைத்துக் கொடுத்தார்.

அதோடு விட்டாரா? பனி இறங்கப் போகிறது, குளிர் தாங்காது என்று தரையிலிருந்து கூரை வரை நாலு பக்கமும் பிளாஸ்டிக் ஷீட் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கினார். லாரியில் ஏற்றுகிற பார்சல் மாதிரி இருந்தது. காலையில் திறந்தால் எச்ச நெடி கண்ணைக் கரித்தது. இரண்டு கோழிகளுக்கு மூக்கு ஒழுகியது. கத்தியை எடுத்துக் கூரைக்குக் கீழே ஒரு முழத்துக்குச் சுற்றிலும் அறுத்துவிட்டேன். காற்று கோழி மேல் அடிக்கக் கூடாது, நெடி மட்டும் வெளியே போக வேண்டும். இது புரிய ஐடிஐ படித்திருக்க வேண்டுமா?

மிச்சம் இருந்தது தரை. கறுப்புக்கோழி அடைகாத்து எட்டுக் குஞ்சு பொரித்திருந்தது. எட்டையும் அந்த மழையில் காப்பாற்றிவிட வேண்டும் என்பதுதான் எனக்கு ஒரே கவலை. தரையோ சொதசொதவென்று கிடந்தது. ஆர்.கே.பேட்டையில் எங்கள் அம்மா வீட்டில் அடுப்புச் சாம்பலை அள்ளிப் போடுவோம். ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பேனும் அண்டாது. இங்கே கேஸ் அடுப்பு, சாம்பலுக்கு எங்கே போவது? தினமும் அவர் உயிரை வாங்கினேன். நாலாம் நாள் கம்பெனியிலிருந்து இரண்டு மூட்டை வந்து இறங்கியது. மைதா மாவு போல நைசான சாம்பல்.

அன்று ராத்திரி மழை விடவே இல்லை. தண்ணீர் மேலிருந்து வரவில்லை, கீழேயிருந்து ஊறியது. விடிந்து பார்த்தால் அடைப்பு முழுக்கக் கூழ். குஞ்சுகளின் மெத்தென்ற மயிரிலெல்லாம் அப்பி, கால்விரல்களில் கட்டிகட்டியாக இறுகிப்போயிருந்தது. ஒவ்வொன்றாக வெந்நீரில் கழுவித் துடைத்து, பல்பு வெளிச்சத்தில் வைத்தேன். நடுங்கி நடுங்கி ஐந்து செத்துப்போயின. வாய்விட்டு அழுதேன்.

அதற்கப்புறம் அவரை நான் சும்மா விடவில்லை. குழாயடியில் சொன்னேன், பால் ஊற்றுகிற அம்மாவிடம் சொன்னேன், தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னேன். கம்பெனிச் சாம்பலால் குஞ்சுகளைக் கொன்ற மகான் என்று அவர் காதுபடவே சொன்னேன். அவர் தலையைக் குனிந்தபடி நாஷ்டாவை முடித்துவிட்டு ஷிப்டுக்குப் போவார்.

மூட்டைகளை இறக்கிய அன்று அவர் பேசியதை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

"இது சிமெண்ட்ல கலக்குறதும்மே. தண்ணி பட்டா இறுகிக்கும். கோழிக்கு ஆவுமான்னு தெரில."

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சாம்பல்ல இன்னாயா ரகம்? வெச்சிட்டுப் போ."

அவர் வைத்துவிட்டுப் போனார். இரண்டு கையாலும் அள்ளித் தூவியது நான்தான்.

போன வாரம் தங்கை வந்திருந்தாள். இந்த மழைக்கு எத்தனை மூட்டை கொண்டுவரப் போகிறீர்கள் என்று அவரைக் கேட்டுச் சிரித்தாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தங்கையோடு சேர்ந்து சிரித்தேன்.