கோட்டின் முனையில் ஒரு பொட்டு

சித்தி பேக்கரியை விட்டுக் கிளம்பியது ஒரு புதன்கிழமை. கேக்கின் மேல் ‘இனிய பிறந்த’ என்பது வரைக்கும் எழுதியிருந்தாள். எதிர்க்கடைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒருவர் கையசைத்துக் கூப்பிட்டார். சித்தி கிரீம் பையை மேசையில் வைத்தாள், ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள், தெருவில் இறங்கிவிட்டாள்.

“மீதியை யாரு எழுதுறது?” என்று பேக்கரி முதலாளி வாசல் வரை ஓடி வந்து கேட்டார்.

“நீங்களே எழுதுங்க. மூச்சை மட்டும் விட்டுடாதீங்க, எழுத்து கோணிடும்,” என்று நடுத்தெருவில் நின்று சொன்னாள். ஒரு வேன்காரர் அவளுக்காகக் காத்திருந்து, பொறுமை தீர்ந்து, ஹாரன் அடித்தார்.

இதையெல்லாம் பேக்கரி மூலை மேசையில் உட்கார்ந்து, வாயில் பன்னோடு பார்த்துக்கொண்டிருந்தேன். நாடு நாடாகச் சுற்றிவிட்டு அன்று காலைதான் வந்து இறங்கியிருந்தேன். அம்மாவிடம் போனால் ‘அடுத்து என்ன உத்தேசம்’ என்று கேட்பாள். அம்மாவின் தங்கையான சித்தி அப்படிக் கேட்கிற ஆள் இல்லை. அன்றைக்கு அவளுக்கு நேரமும் இல்லை.

எதிர்க்கடை ஒரு டாட்டூ கடை. கையசைத்துக் கூப்பிட்டவர்தான் அதை நடத்துகிறவர். அவருக்குச் சித்தியின் வயதில் பாதிதான் இருக்கும். இலை, கொடி, மீன், கடிகாரம் என்று கைகளில் காலி இடமே வைக்காத மனிதர். மாதக்கணக்காக, கேக்குக்கு ஆள் வராத மத்தியான வேளைகளில், சித்தி அவர் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஏன் என்று கேட்டேன்.

“நானும் கோடுதான் போடுறேன், அந்தத் தம்பியும் கோடுதான் போடுறார். என் கோட்டைச் சாயங்காலத்துக்குள்ள தின்னுடறாங்கடி.”

கடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவர் வேலை செய்வார். ஜன்னலோரத்தில் இருந்த இன்னொன்று காலி. சித்தி தொழில் கற்றுக்கொள்ளப் போன முதல் நாளே அவர் பேச்சை நேராக அங்கே கொண்டுவந்து நிறுத்தினார்.

“கோடு சுத்தமா, ஒரே சீரா வந்தா அந்த நாற்காலி உங்களுக்கு, ஆன்ட்டி. வரலைன்னா கேக்கும் நல்ல தொழில்தான்.”

“ஆன்ட்டின்னு கூப்பிட்டா என் கை நடுங்கும், தம்பி.”

“தம்பின்னு கூப்பிட்டா என் கஸ்டமர் எழுந்து போயிடுவார்.”

பேரம் பேசி முடித்தார்கள். அவள் அக்கா, அவர் மாஸ்டர் தம்பி.

அன்று முதல் சித்தி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பாடு வைக்க இடமில்லாமல் போயிற்று. மெஷின், பெடல், மைக் குப்பிகள், தோல் மாதிரியே இருக்கும் ரப்பர் தாள்கள். நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். சித்தப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை பார்ப்பவர். பல வருஷமாகக் கற்றுக்குட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, அவருடைய வலது கால், இல்லாத பிரேக்கைத் தானாகவே மிதிக்கும். சோபாவில் இருந்தாலும் சரி, பல் டாக்டர் நாற்காலியில் இருந்தாலும் சரி. மேசையில் சித்தியின் கோடு கோணும்போதெல்லாம் அவர் கால் தரையை அழுத்தும். அந்தச் சத்தத்தில் கோடு இன்னும் கொஞ்சம் கோணும்.

“காலைச் சும்மா வைங்களேன்.”

“நீ வளைவுல வேகத்தைக் குறைக்க மாட்டேங்கிறே. நான் என்ன பண்ணட்டும்?”

உண்மையில் வேகம்தான் தகராறு. மாஸ்டர் தம்பி எங்களுக்கு அதை விளக்கியிருந்தார். ஊசி தன் பாட்டுக்கு ஒரு வேகத்தில் குத்திக்கொண்டிருக்கும், கை அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். கை மந்தமாக நகர்ந்தால் கோடு தடித்துப் புண்ணாகும். பறந்தால் விட்டு விட்டு வரும். ஊசி ஆழம் போய்விட்டால் மை தோலுக்குள் கலங்கிப் பரவும். இடது கை தோலை இழுத்துப் பிடித்தே இருக்க வேண்டும். மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கையை இழுக்க வேண்டும். சித்தியின் முதல் கோடுகள் மழையில் நனைந்த கம்பளிப்பூச்சி மாதிரி இருந்தன.

ரப்பர் தாள் தீர்ந்ததும் வாழைப்பழத் தோலில் பழகினாள். ஒரு நாள் சித்தப்பா மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பழத்தை எடுத்திருக்கிறார். முனைக்கு முனை கறுப்புக் கோடு. பக்கத்தில் இருந்த மாணவி, “சார், இது ஓவர்டேக் பண்ணக் கூடாத கோடுதானே?” என்று கேட்டிருக்கிறாள். வந்த நாளிலிருந்து அவள் சரியாகச் சொன்ன முதல் பதில் அதுதானாம்.

சில வாரங்களில் கம்பளிப்பூச்சி நிமிர்ந்தது. கோடு ஒரே தடிமனாக வந்தது. ஆனால் அதன் இரண்டு முனையிலும் ஒரு பொட்டு உட்கார்ந்திருந்தது. கேக்குக்காரர்களின் கைப்பழக்கம் அது. கிரீம் கோடு போடும்போது முதலில் அழுத்தி ஒட்ட வைக்க வேண்டும். பிறகு பையைத் தூக்கி, கோட்டைக் காற்றில் தொங்கவிட்டு, முடிகிற இடத்தில் மறுபடி தொட்டு நிறுத்த வேண்டும். அத்தனை வருஷமும் அப்படியே போட்ட கை, ஊசியைப் பிடித்தபோதும் தொடங்கும் இடத்தில் ஒரு கணம் நின்றது, முடிக்கும் இடத்தில் ஒரு கணம் நின்றது. அந்த ஒரு கணம் மைக்குப் போதும்.

“நிஜத் தோல்ல போட்டா சரியாயிடும்னு தோணுது,” என்று என் கெண்டைக்காலைப் பார்த்தபடி சித்தி சொன்னாள். நான் காலை நீட்டினேன். மாஸ்டர் தம்பி பக்கத்திலேயே நின்றார். நேரான, அழகான கோடு. இரு முனையிலும் பொட்டு. பார்த்த எல்லாரும் ஏன் காலில் எலும்புத் துண்டு வரைந்திருக்கிறாய் என்று கேட்டார்கள்.

“பக்கத்துல ஒரு நாய்க்குட்டி போட்டுட்டா பொருத்தமாயிடும்,” என்றாள் சித்தி.

“முதல்ல கோட்டைப் போடுங்க, அக்கா. நாயை அப்புறம் பார்த்துக்கலாம்,” என்றார் மாஸ்டர் தம்பி. “கை ஏற்கெனவே போய்க்கிட்டு இருக்கணும், அப்ப ஊசி இறங்கணும். கை போய்க்கிட்டே இருக்கும்போதே ஊசி ஏறிடணும். எங்கேயும் நிக்கக் கூடாது.”

வீட்டில் இதைச் சொன்னதும் சித்தப்பா கண்ணாடியைக் கழற்றினார். “ஓடுற பஸ்ஸில ஏறி, ஓடும்போதே இறங்குற மாதிரியா?”

“அதேதான்.”

“அதைச் செய்யாதேன்னுதானே கல்யாணம் ஆன நாள்லேருந்து உங்கிட்ட கத்துறேன்?”

ஆனால் அந்த வார்த்தை சித்திக்குப் பிடித்துப்போயிற்று. கோடு போடும்போது ‘ஏறு, இறங்கு’ என்று முணுமுணுத்துக்கொண்டாள். பொட்டு சிறுத்தது. நேர்கோட்டில் மறைந்தே போனது. வட்டத்தில் மட்டும் பிடிவாதமாக நின்றது. கோடு சுற்றி வந்து தன் தலையைத் தானே தொடும் இடத்தில் சித்திக்குப் பயம் வந்துவிடும். கை நின்றுவிடும்.

ஒரு நாள் அவள் ஒரு தாள் நிறைய வட்டம் போட்டுக்கொண்டு போனாள். ஒன்றில்கூடப் பொட்டு இல்லை. மாஸ்டர் தம்பி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அக்காவுக்கு ஸ்பெஷல் காபி சொன்னார். காபி வருவதற்குள், எப்படிப் போட்டீர்கள் என்றும் கேட்டுவிட்டார். சித்திக்குப் பொய் வராது.

“தாளை கேக் தட்டு மேல ஒட்டிட்டேன். தட்டைச் சுத்திவிட்டு, ஊசியை அப்படியே பிடிச்சுக்கிட்டேன்.”

கேக்கைச் சுற்றவிட்டு அலங்காரம் செய்வார்களே, அந்தச் சுழலும் தட்டு. மாஸ்டர் தம்பி நெற்றியைத் தேய்த்தார். “மனுஷனை எப்படிக்கா சுத்துவீங்க?”

சித்தி காபியை மட்டும் குடித்தாள்.

மனுஷன் ஒருவர் அடுத்த வாரமே வந்தார். சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஆள் நல்ல உயரம், குரல் அதைவிட உயரம். முன்கையைச் சுற்றி ஒரே ஒரு மெல்லிய கோடு வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம் என்றார். நடுவிரல் பானையின் அடியைத் தொடும்படி கையை விட்டால், தண்ணீர் எதுவரை நிற்க வேண்டுமோ அந்த இடத்தில்.

“எனக்கு அளவு தெரியும். என் உதவியாளுக்குத்தான் தெரியாது. தினமும் பேனாவால கோடு போட்டுக் காட்டுறேன், தினமும் அழிஞ்சுடுது. இனிமே என் கையைப் பார்த்துக் கத்துக்கட்டும்.”

“கொதிக்கிற தண்ணியிலயா?” என்று சித்தி கேட்டாள்.

“அடுப்புல வைக்கிறதுக்கு முன்னாடிம்மா. நான் சமையல்காரன், சமையல் இல்லை.”

அவர் கப்பல் அன்று சாயங்காலம் கிளம்புகிறது. மாஸ்டர் தம்பியோ திரைக்குப் பின்னால் ஒருவர் முதுகில் பாதிக் கழுகோடு மாட்டிக்கொண்டிருந்தார். திரையை விலக்கி, சமையல்காரரையும் சித்தியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இவங்க இன்னும் பழகிட்டிருக்காங்க, சார். சம்மதமா?”

“என் உதவியாளைவிட மோசமா யாரும் இருக்க முடியாது. போடச் சொல்லுங்க.”

“அக்கா, இதை நீங்க போடுங்க. இன்னைக்கு நான் ஒண்ணும் சொல்லப்போறதில்லை. புதுசுல எல்லாக் கோடும் நல்லாத்தான் இருக்கும். தோல் ஆறினதும் சார் போட்டோ அனுப்பட்டும். மை பரவாம, ஒட்டுத் தெரியாம இருந்தா ஜன்னலோர நாற்காலி உங்களுக்கு. பொட்டு இருந்தா நம்ம பேச்சு முடிஞ்சுது.”

திரை மூடியது. சித்தி சமையல்காரரின் முன்கையில் டேப்பைச் சுற்றி, பேனாவால் அளவு குறித்தாள். கையுறை மாட்டினாள். ஊசியை வைக்கப் போனாள், எடுத்தாள். அந்தக் கையை மேலே திருப்பினாள், கீழே திருப்பினாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் பாதிச் சுற்றுக்கு மேல் போகவில்லை. நடுவில் நிறுத்தித்தான் ஆக வேண்டும். நிறுத்தினால் பொட்டு.

எதிரே பேக்கரி முதலாளி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், அந்தச் சுழல் ஸ்டூல்ல உட்காருங்க,” என்றாள் சித்தி. “கையை நேரா மேல தூக்குங்க. வாத்தியார் கேள்விக்குப் பதில் தெரிஞ்ச மாதிரி.”

“எனக்கு அந்தப் பழக்கமே கிடையாதேம்மா,” என்றார் அவர். ஆனால் தூக்கினார். மறு கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். சித்தி ஒரு மர முக்காலியின் மேல் ஏறி நின்றாள். என்னைப் பார்த்தாள்.

“நீ அவரைச் சுத்து. ஒரே சீரா. ஊரெல்லாம் சுத்தினவதானே, இதையும் சுத்து.”

நான் தரையில் மண்டியிட்டு ஸ்டூலைத் திருப்பினேன். சித்தியின் வலது கை காற்றில் அசையாமல் நின்றது. இடது கை விரல்கள் தோலை விரித்துப் பிடித்தன. சமையல்காரர் கையைத் தூக்கியபடி ஜன்னலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், விலைப்பட்டியலைப் பார்த்தார். ஸ்டூல் கிரீச்சிட்டது. சத்தம் கேட்டு மாஸ்டர் தம்பி திரையை விலக்கினார். கத்த வாயைத் திறந்தார். கத்தினால் ஊசி துள்ளும் என்று உறைத்திருக்க வேண்டும், திறந்த வாயோடு அப்படியே நின்றார். அவருக்குப் பின்னால் பாதிக் கழுகுக்காரரும் எழுந்து வந்து நின்றார்.

“நிறுத்தாதே,” என்று சித்தி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். “சேர்ற இடம் வருது. நிறுத்தாதே.”

நான் நிறுத்தவில்லை. சேரும் இடத்தைத் தாண்டியும் சுற்றினேன். எப்போது ஊசியைத் தூக்கினாள் என்று எனக்குத் தெரியவே இல்லை. மெஷின் சத்தம் நின்ற பிறகும் சமையல்காரர் ஒரு அரைச் சுற்றுப் போய் நின்றார்.

“இது என்ன அக்கா, கேக்கா?” மாஸ்டர் தம்பிக்கு ஒருவழியாகக் குரல் வந்தது.

“கேக் இவ்வளவு சொன்ன பேச்சுக் கேக்காது,” என்றாள் சித்தி. முக்காலியிலிருந்து இறங்கக் கையை நீட்டினாள். நான்தான் பிடித்து இறக்கினேன்.

கோடு சேர்ந்த இடம் சிவந்து வீங்கி, மை கசிந்து கிடந்தது. பொட்டு உண்டா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மாஸ்டர் தம்பி அதைத் துடைத்து, மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டி, தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். தண்ணீர் அளக்கத்தானே போட்டதே என்று சமையல்காரர் வருத்தப்பட்டார். ஆறியதும் கட்டாயம் போட்டோ அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அனுப்பவில்லை. புண் ஆற வேண்டிய காலம் போய், அதற்கு மேலும் போனது. இரண்டு தடவை சித்தி செய்தி அனுப்பினாள், பதில் இல்லை. மாஸ்டர் தம்பி பேச்சு மாறவில்லை. சித்தி தரை துடைத்தாள், ஊசிகளை எடுத்து வைத்தாள், வாழைப்பழத்தில் கோடு போட்டாள். ஜன்னலோர நாற்காலியைத் தினமும் துடைத்தாள், அதில் உட்காரவில்லை. போன் சிணுங்கினால் ஓடுவாள். ஒரு தடவை சமையல்காரரிடமிருந்தே ஒரு படம் வந்தது. பெரிய பானை, நிறையத் தண்ணீர், பக்கத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் உதவியாள். கையைக் காணோம். ‘கையைக் காட்டுங்க’ என்று சித்தி எழுதினாள். கப்பல் எந்தக் கடலில் போய்க்கொண்டிருந்ததோ, பதில் வரவில்லை.

“பேசாம பேக்கரிக்கே போயிடேன்,” என்றார் சித்தப்பா. சொன்ன கையோடு கால் தரையை அழுத்தியது.

“போட்டோ வரட்டும்.”

எனக்குக் கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. மறுபடி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வேறு ஊர், வேறு அறை, வேறு வேலை. குளிர்காலம் வந்து போனது. ஒரு நாள் காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது சித்தியின் செய்தி வந்தது. முதலில் படம். பானைக்குள் இறங்கிய முன்கை, தண்ணீருக்குச் சரியாக மேலே முடி போல மெல்லிய ஒரு கோடு. அடுத்து இன்னும் சில படங்கள், அந்தக் கையையே எல்லாப் பக்கமும் திருப்பி எடுத்தவை. அதற்குக் கீழே எழுதியிருந்தாள்:

“கோட்டை நான் எங்க ஆரம்பிச்சேன்னு மாஸ்டர் தம்பி காலையிலேருந்து தேடிட்டிருக்கார். கிடைக்கலைன்னு சொல்ல அவருக்கு மனசு வரலை. தேடட்டும். நான் ஜன்னலோரத்துல உட்கார்ந்துட்டேன்.”