உலகக் குடிமக்கள் வகுப்பில் ஒரு கேள்வி

மகளின் பள்ளியில் "உலகக் குடிமக்கள்" வகுப்பைப் பெற்றோருக்கு நடத்திக் காட்டினார்கள். "எல்லா ஊராரும் நம்மவரே" என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தபோது, யாருடைய ஜாமெட்ரி பாக்ஸோ தரையில் விழுந்து சிதறியது. அந்தச் சத்தத்தில் நான் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டேன்.

பனியன் கம்பெனி வேலைக்காக அப்பா எங்களைச் சிவகங்கைப் பக்கமிருந்து திருப்பூருக்குக் கூட்டிவந்த வருடம் அது. ஒருநாள் வகுப்பில், அந்தக் கம்பெனி முதலாளியின் மகள் கவிதாவின் கைக்கடிகாரத்தைக் காணவில்லை.

"தெக்கத்திப் புள்ளைங்க மட்டும் பையைக் கொட்டிக் காட்டுங்க, கண்ணுகளா" என்றார் டீச்சர், வெகு மரியாதையாக.

மூன்று பேர் கொட்டினோம். என் காம்பஸ் உருண்டு கதவுவரை போனது. கடிகாரம் கவிதாவின் சாப்பாட்டுக் கூடையிலேயே கிடைத்தது. டீச்சர் பாடத்தைத் தொடர்ந்தார். கவிதாதான் குனிந்து என் பென்சில்களைப் பொறுக்கித் தந்தாள்.

கைதட்டல் ஓய்ந்ததும் மகளின் டீச்சரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"இங்க ஒரு பொருள் காணாமப் போனா, யாரு பையை முதல்ல பார்ப்பீங்க டீச்சர்?"

அவர் பார்வை, ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகள் உட்கார்ந்திருந்த கடைசி வரிசைக்குப் போய்த் திரும்பியது.

"எல்லாரு பையையும்தானுங்க" என்று சிரித்தார்.

நான் போய் அந்தக் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டேன்.