எட்டிய கை

எங்கள் ஊர் இளைஞர் மன்றத்து வாலிபால் அணியில் நான் பந்தைத் தூக்கிக் கொடுப்பேன், என் சித்தப்பா மகன் எகிறி அடிப்பான். என்னைவிட நாலு மாதம் இளையவன். திருமயம் பக்கத்தில் அவன் அடித்த பந்தை எடுக்க ஆளில்லை.

அந்த வருஷம் அகில இந்தியப் போட்டிக்குப் போகும் இளையோர் அணிக்குத் திருச்சியில் ஆள் எடுத்தார்கள். இரண்டு பேருமே தேறினோம். பிறகு பள்ளிச் சான்றிதழைக் கேட்டார்கள். அவனுடையதைப் பார்த்த அதிகாரி, வயது கூடிவிட்டது என்று திருப்பிக் கொடுத்தார். என்னுடையதில் அவனைவிட ஒரு வயது குறைவு.

எங்களை ஒரே நாளில்தான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார்கள். வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார் வாத்தியார். தொட்டால் ஐந்து வயது, அவ்வளவுதான் கணக்கு. அவனுக்கு அப்போதே நீளக் கை, எட்டிவிட்டது. எனக்கு எட்டவில்லை, அடுத்த வருஷம் வரச் சொன்னார். பிறந்த தேதிகளை அதற்குத் தக்கபடி அவரே எழுதிக்கொண்டார்.

இதை அதிகாரியிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என் தேதியும் பொய் என்று ஆகிவிடும். ஊரில் எல்லார் நியாயத்தையும் பேசுகிறவன், அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவனும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. “நீ போயிட்டு வாண்ணே” என்றான்.

போனேன். முதல் ஆட்டத்தில் பழக்கத்தில் பந்தை அவன் உயரத்துக்கே தூக்கிக் கொடுத்தேன். அங்கே யாருடைய கையும் அதற்கு எட்டவில்லை.