மெம்பர் ஷேவ் எடுத்து முடிக்கும்வரை

போன வாரம் பண்டாரவளையில் பதுளை பஸ் ஏறினேன். ஜன்னலோர சீட் கிடைத்த சந்தோஷத்தில் அப்பாடா என்று உட்கார்ந்திருக்கிறேன்... பக்கத்தில் ஒரு அம்மா வந்து அமர்ந்தார். மடியில் லீக்ஸும் கரட்டும் பிதுங்கும் பை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர்தானே? மக நல்லா இருக்குதா?"

குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. பாக்கியம் அக்கா! எங்கள் பழைய மெம்பரின் மனைவி. கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்கிறீர்களா? அதற்கு நான் பெட்டிசம், அதாவது புகார் மனு, எழுதிய கதையைச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளில் தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் குடியிருந்தோம். என் கணவருக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலை. எனக்குப் பதுளை டவுனில் பள்ளிக்கூடம். மகள் தர்ஷினி படித்ததும் டவுனில்தான். எங்கள் இரண்டு பேருக்கும் கதி, காலையில் தோட்டத்துச் சந்தியிலிருந்து கிளம்பும் ஒரே பஸ். அதை விட்டால் அடுத்த பஸ் வருவதற்குள் பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்துவிடும்.

அந்த பஸ்ஸுக்கு ஒரு வியாதி இருந்தது. சந்தியில் நேரத்துக்குக் கிளம்பும். இரண்டு வளைவு இறங்கியதும் பிரதேச சபை மெம்பர் வீட்டு வாசலில் நின்றுவிடும். மெம்பருக்குப் பதுளையில் அலுவல். ஆனால் மெம்பர் இன்னும் ரெடியில்லை! டிரைவர் ஹாரன் அடிப்பார். கொஞ்ச நேரத்தில் மெம்பர் பனியனோடு வெளியே வருவார். வாசல் தூணில் கண்ணாடியை மாட்டி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, நிதானமாக ஷேவ் எடுப்பார். இந்தக் கன்னம்... அந்தக் கன்னம்... மோவாய்க்குக் கீழே இன்னொரு தடவை.

பஸ் நிறைய ஜனம். மூச்சு விட இடமில்லை. அத்தனை பேரும் ஒரு மனிதர் முகம் வழிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்போம். உலகத்தில் வேறெங்காவது இப்படி நடக்குமா?

டிரைவரைக் கேட்டால், பாவம், அவர் என்ன செய்வார்? மெம்பரைப் பகைத்துக்கொண்டால் எங்காவது தூரத்துக்கு மாற்றிவிடுவார்கள், நான் பிள்ளைகுட்டிக்காரன் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்.

பள்ளிக்கூடத்து வரவுப் புத்தகத்தில், பிந்தி வந்தவள் என்று என் பெயருக்கு மேலே சிவப்புக் கோடு விழும். அதைக்கூடப் பொறுத்தேன். ஆனால் ஒரு தவணைப் பரீட்சையன்று தர்ஷினியை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். கெஞ்சிக் கூத்தாடி உள்ளே போவதற்குள் கணக்குப் பேப்பரில் பாதி நேரம் ஓடிவிட்டது. அன்று சாயங்காலம் பிள்ளை சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அம்மா... டிசம்பர்ல ஓ.எல். சோதனை அன்னைக்கும் பஸ் நிக்குமா?"

எனக்குச் சுருக்கென்றது. பதினோராம் வகுப்புக் கவர்மென்ட் பரீட்சை. பிந்திப் போனால் மண்டபத்துக்குள்ளேயே விடமாட்டார்கள். ஒரு வருஷம் போய்விடும். அந்த நாட்களில் ஒரு வருஷம் வீட்டிலிருந்த பெண் பிள்ளை திரும்பப் படிக்கப் போவது எத்தனை வீட்டில் நடந்தது?

எனக்குக் கோபம் வந்தால் எப்படி இருக்கும் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள். நேரே மெம்பரிடமே போனேன். மனிதர் சிரித்தார். நான் என்ன சொந்த வேலைக்கா போகிறேன், உங்களுக்காகத்தானே பதுளைக்கு ஓடுகிறேன் என்றார். அடுத்த நாளும் பஸ் நின்றது.

எழுதினேன் பெட்டிசம். பிரதேச சபைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் அங்கிருந்த உத்தியோகத்தர் வாசித்துவிட்டு, தோட்டத்து விவகாரம் எங்களுக்குக் கீழே வராது என்று திருப்பி நீட்டினார். "அப்போ தோட்டத்து வோட்டு மட்டும் உங்களுக்குக் கீழே வருமா?" என்று கேட்டேன். பெட்டிசத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பஸ்ஸுக்குள் தினமும் மெம்பரை வாய் கிழியத் திட்டிய ஆட்கள் இருந்தார்களே, அன்றைக்குப் பார்த்து ஒருவர் வீட்டில் காய்ச்சல், ஒருவர் வீட்டில் விசேஷம். நான் தனியாகப் போய் உட்கார்ந்தேன். மெம்பர் வந்தார், வெள்ளை வெளேரென்ற வேட்டி சட்டையில். கூடவே சாட்சிக்குப் பாக்கியம் அக்கா, பட்டுச் சேலையில்.

முடிந்தது கதை என்று நினைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதவர் என்று தோட்டமே சொல்லும். அந்தத் தைரியத்தில்தானே கூட்டி வந்திருக்கிறார்!

சபைத் தலைவரான தவிசாளர் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். மெம்பர் முதலில் சொன்னார்: நான் விடியற்காலையிலேயே ரெடியாகி நிற்கிறவன், டிரைவர்தான் மரியாதைக்காக பஸ்ஸை நிறுத்துகிறார், வேண்டுமானால் என் சம்சாரத்தைக் கேளுங்கள். தவிசாளர் அக்கா பக்கம் திரும்பினார்.

அக்கா சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"நான் விடிய முந்தியே எழுப்பிவிடுறேங்க. இவரு எந்திரிக்கிறது பஸ் ஹாரன் கேட்டுத்தான். இவரு முதுகக் காட்டிக்கிட்டு ஷேவ் எடுப்பாரு, இவருக்கு ஒண்ணும் தெரியாது. ஜன்னல்ல இருக்குற புள்ளைங்க மூஞ்சிய தெனம் பாக்குறது நான்தாங்க. என்னால முடியல."

மெம்பர் மனைவியைப் பார்த்த பார்வை இருக்கிறதே... முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பது போல் பார்த்தார். தவிசாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இனி எந்த பஸ்ஸும் யாருக்காகவும் நிற்கக் கூடாது, டிரைவரையும் யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று முடித்துவிட்டார்.

ஆனாலும் பரீட்சை அன்று காலை எனக்குப் பதற்றம்தான். வளைவு திரும்பியதும் டிரைவரின் கால் பழக்க தோஷத்தில் பிரேக்குக்குப் போனது. பஸ் மெதுவானது. தர்ஷினி என் கையை நகம் பதியப் பிடித்தாள். வாசலில் மெம்பர், பாதி முகத்தில் சோப்பு நுரையோடு! ஆனால் ரோட்டோரத்தில் பாக்கியம் அக்கா நின்றுகொண்டிருந்தார். போங்க, போங்க என்று இரண்டு கையாலும் பஸ்ஸைத் தள்ளுவதுபோலக் காட்டினார். பஸ் போய்விட்டது!

பெட்டிசம் எழுதும்போது ஒரு வீட்டையே எதிரி வீடு என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த வீட்டுக்குள்ளேயே நம் பக்கத்து ஆள் ஒருவர் இருப்பார் என்று யாருக்குத் தோன்றும்? எனக்குத் தோன்றவில்லை. தர்ஷினி இன்றைக்குப் பதுளையில் பேங்க் வேலையில் இருக்கிறாள். அவள் படிப்புக்கு நான் தினமும் சாமிக்கு நன்றி சொல்கிறேன். அந்த வரிசையில் பாக்கியம் அக்காவுக்கும் ஒரு இடம் உண்டு. இதை பஸ்ஸிலேயே அவரிடம் சொன்னேன். வெட்கப்பட்டு கரட் பையைச் சரி செய்தார்.

அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டேன். இத்தனை வருஷமாக எனக்கிருந்த பயம் அது.

"என்னா நடக்கும் டீச்சர்? சோறு போட்டேன், சாப்பிட்டாரு. கொஞ்ச நாள் மொகங்குடுத்துப் பேசல. பெறகு ஒருநா அவரே, நேரத்தோட எழுப்பிவிடுன்னாரு."

பஸ் கிளம்பும் மணி அடித்தது. அக்கா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். ஸ்டாண்டின் அந்தக் கோடியில் ஒரு வயதானவர், உருளைக்கிழங்கு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, ஓடவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் வந்துகொண்டிருந்தார். மெம்பரேதான்! பதவியெல்லாம் போய் எவ்வளவோ காலம். அக்காவுக்குத் தவிப்பு முகத்தில் தெரிகிறது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. பஸ்ஸை நிறுத்தச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

நான்தான் எழுந்தேன். "தம்பி, கொஞ்சம் நிறுத்துங்க. ஒருத்தர் வர்றாரு" என்று கண்டக்டரிடம் சொன்னேன்.

பஸ் நின்றது. மெம்பர் மூச்சு வாங்க ஏறினார். என்னைப் பார்த்தார். மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். "டீச்சர்... இதுக்கும் பெட்டிசம் போட்றாதீங்க."

பஸ்ஸை நிறுத்தி வைத்தது நான்தான். யாராவது என் மேல் பெட்டிசம் எழுதுவதென்றால் தாராளமாக எழுதுங்கள். சாட்சிக்குப் பாக்கியம் அக்காவையே கூப்பிடலாம். உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார்.